முன்னால் நடக்கிறவர்: மலைபடுகடாமிலிருந்து கல்வராயன் மலை வரை

(இது எங்கள் எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

டெல்லிக்கோ ஜெய்ப்பூருக்கோ டிக்கெட் போட்டாச்சுன்னா நம்மில் பலர் அடுத்து என்ன செய்றோம்? போனை எடுத்து "பிரைவேட் டூர்"னு தேடுறோம். எட்டு மணி நேரம், ஏசி கார், டிரைவர், கூடவே ஒரு கைடு. தனியாப் போறவங்களுக்கு அது ஒரு பாதுகாப்பு. அப்பா அம்மாவைக் கூட்டிட்டுப் போறவங்களுக்கு அது ஒரு நிம்மதி. ஆட்டோவுக்குப் பேரம் பேச வேண்டாம், டிக்கெட் கவுன்டர் எங்கேன்னு வெயிலில் அலைய வேண்டாம். நானும் டெல்லியில் அப்படி ஒரு நாள் சுற்றியிருக்கேன். செங்கோட்டை, ஜும்மா மசூதி, ஹுமாயூன் கல்லறை, குதுப்மினார், இந்தியா கேட். நல்லாத்தான் இருந்தது.

ஆனா இந்த அஞ்சு இடத்தையும் நான் தேர்ந்தெடுக்கலை. எந்த ஆப்பைத் திறந்தாலும் கிட்டத்தட்ட இதே பட்டியல்தான் வருது. அப்போ கார் எங்கே நிற்கணும், எங்கே நிற்காமல் போகணும்னு முடிவு பண்ணது யார்? கேட்க ரொம்பச் சின்னக் கேள்வி. ஆனா ஒரு ஊரைப் பற்றி வெளியூர்க்காரருக்கு என்ன தெரியும், என்ன தெரியாதுங்கிறது இதில்தான் முடிவாகுது. அதனால்தான் இன்னைக்கு வழிகாட்டிகளின் வரலாற்றைப் பேசலாம்னு இருக்கேன். டெல்லியில் தொடங்கி, மெட்ராஸ் கடற்கரை வழியா, சங்க காலத்துக்குப் போய், கடைசியா எங்க அம்மா ஊர்ப் பக்கம் இருக்கிற கல்வராயன் மலைக்கு வருவோம்.

டெல்லிக்கு ஒரு புத்தகம், பயணிக்கு ஒரு புத்தகம்

1847-ல் டெல்லியில் ஒரு உருதுப் புத்தகம் வெளியாச்சு. பேர் 'ஆசார் உஸ் சனாதீத்'. எழுதினவர் சையது அகமது கான். பின்னாளில் அலிகர் கல்லூரியைத் தொடங்கினாரே, அவரேதான். அப்போ அவர் டெல்லியில் நீதித்துறை அதிகாரியா வேலை பார்த்துக்கிட்டிருந்தார். ஊரிலிருந்த பழைய கட்டடங்களை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்து, அளந்து, கல்வெட்டுகளைப் படியெடுத்தார். குதுப்மினாரின் உயரமான பகுதியில் இருக்கிற எழுத்துகளைப் படிக்க, ஒரு கூடையில் உட்கார்ந்து அந்தரத்தில் தொங்கினார்னு அவருடைய வாழ்க்கை வரலாறு சொல்லுது.

எனக்கு இந்தப் புத்தகத்தில் ரொம்பப் பிடிச்சது அதன் கடைசிப் பகுதி. கோட்டை, மசூதி, கல்லறை எல்லாம் முடிஞ்ச பிறகு, அப்போது டெல்லியில் உயிரோடு இருந்த மனிதர்களைப் பற்றி ஒரு அத்தியாயமே வச்சிருந்தார். கவிஞர்கள், வைத்தியர்கள், அறிஞர்கள், அழகெழுத்துக் கலைஞர்கள், இசைக்காரர்கள். கவிஞர் காலிப்பும் அதில் உண்டு. ஊர்னா கல்லும் சுண்ணாம்பும் மட்டும் கிடையாது, அங்கே வாழ்றவங்களும் சேர்த்துத்தான்னு அந்த ஊர்க்காரருக்குத் தெரிஞ்சிருந்தது. பத்தே வருஷத்தில், 1857 எழுச்சிக்குப் பிறகு, அந்த டெல்லி சிதைஞ்சுபோச்சு. செங்கோட்டைக்குள் இருந்த அரண்மனைக் கட்டடங்களில் பெரும்பகுதியை பிரிட்டிஷார் இடிச்சாங்க. இன்னைக்கு நமக்குக் கைடு காட்டுறது மிச்சம் இருக்கிற கோட்டையைத்தான்.

அதுக்கு ரெண்டு வருஷம் கழிச்சு, 1859-ல், லண்டனில் ஜான் மர்ரே நிறுவனம் இந்தியாவுக்கான பயணக் கையேட்டைக் கொண்டுவந்தது. முதல் பகுதிகள் மெட்ராஸுக்கும் பம்பாய்க்கும். எழுதினவர் எட்வர்ட் ஈஸ்ட்விக். கப்பலில் வந்து இறங்குறவருக்கு எந்த வழியில் போகலாம், எங்கே என்ன பார்க்கலாம்னு சொல்ற புத்தகம் அது. உபயோகமானதுதான், குறை சொல்ல ஒண்ணுமில்லை. ஆனா ரெண்டு புத்தகமும் நிற்கிற இடம் வேற. முன்னது அந்த ஊரிலேயே வாழ்றவர் எழுதினது. பின்னது சீக்கிரம் கிளம்பிப் போகப்போறவருக்காக எழுதினது. நம்ம எட்டு மணி நேர டூர் ரெண்டாவது புத்தகத்தின் பேரப்பிள்ளைன்னுதான் எனக்குத் தோணுது.

கரையில் காத்திருந்த துபாஷ்

இப்போ மெட்ராஸுக்கு வருவோம். 19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி வரைக்கும் இங்கே சரியான துறைமுகம் கிடையாது. கப்பல் கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கும். ஆணியே அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த மசூலாப் படகில்தான் பயணிகள் அலை தாண்டிக் கரைக்கு வரணும். நனைஞ்சு, பயந்து, மணலில் கால் வைக்கும்போது எதிரே துபாஷ் நிற்பார். துபாஷ்னா ரெண்டு மொழி தெரிந்தவர்.

வீடு பார்த்துக் கொடுக்கிறது, காசு மாற்றித் தர்றது, வேலையாள் அமர்த்துறது, பல்லக்குக்கு ஆள் பிடிக்கிறது, கடைக்குக் கூட்டிட்டுப் போறது எல்லாம் அவர்தான். முன்னாடி தன்னை வேலைக்கு வச்சிருந்த வெள்ளைக்காரர்கள் எழுதிக்கொடுத்த நற்சான்றுக் கடிதங்களைக் கையிலேயே வச்சிருப்பாங்க, வந்து இறங்குறவரிடம் நீட்டுவாங்க. இன்னைக்கு ஆப்பில் கைடு பேருக்குக் கீழே அஞ்சு நட்சத்திரம் பார்க்கிறோமே, அதுக்கு முன்னோடி அந்தக் கடிதம்தான். கமிஷனும் அன்னைக்கே உண்டு. எந்தக் கடைக்குக் கூட்டிட்டுப் போறாரோ அந்தக் கடையில் அவருக்கு ஒரு பங்கு.

துபாஷை வெறும் தரகர்னு ஒதுக்கிட முடியாது. புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேவின் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736-லிருந்து 1761-ல் இறக்கும் வரை நாட்குறிப்பு எழுதினார். கர்நாடகப் போர்கள் நடந்த காலத்தைத் தமிழில், உள்ளே இருந்து பார்த்த ஒருத்தரின் பதிவு அது. நடுவில் நிற்கிறவருக்கு ரெண்டு பக்கமும் தெரியும். ஆனா அவர் சம்பளம் வாங்கினது ஒரு பக்கத்திடம். கூலிக்கு அமர்த்தப்படுற எந்த வழிகாட்டிக்கும் இருக்கிற சிக்கல் இது. காசு கொடுக்கிறவருக்குப் பிடிச்சதைச் சொல்றதா, தனக்குத் தெரிஞ்சதைச் சொல்றதா?

சங்க காலத்து டூர் கைடு

இதே வேலையைச் சங்க இலக்கியம் எப்படிப் பார்த்தது? அதுக்குன்னே நம்மகிட்ட ஒரு இலக்கிய வகை இருக்கு. ஆற்றுப்படை. ஸ்கூலில் ரெண்டு மதிப்பெண் கேள்வியாப் படிச்சு மறந்திருப்போம். ஆறுன்னா வழி. வள்ளலிடம் பரிசு வாங்கித் திரும்புற ஒரு கலைஞர், வழியில் எதிர்ப்படுற இன்னொரு ஏழைக் கலைஞரிடம் "இப்படிப் போ, அங்கே கிடைக்கும்"னு சொல்லி அனுப்புறது.

அதில் மலைபடுகடாம் 583 அடி. கூத்தராற்றுப்படைன்னும் பேர். பெருங்கௌசிகனார் பாடினது. போக வேண்டிய இடம் நன்னன் என்ற தலைவனின் செங்கண்மா, அதாவது இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம். மேப்பை எடுத்துப் பாருங்க. செங்கத்துக்குத் தெற்கே தென்பெண்ணை ஆறு, அதையும் தாண்டித் தெற்கே கல்வராயன் மலை. நாம கடைசியாப் போகப்போற மலைக்குப் பக்கத்து வீடுன்னே சொல்லலாம்.

இந்தப் பாட்டில் வர்ற வழிகாட்டி எவ்வளவு விவரமாப் பேசுறார் தெரியுமா? காட்டுப்பன்றிக்காகப் பாதையில் கல்பொறி வச்சிருப்பாங்க, அதனால் விடிஞ்ச பிறகு நடங்க. தினைப்புனம் காக்கிறவங்க யானையை விரட்டக் கவண்கல் வீசுவாங்க, மரத்துக்குப் பின்னால் ஒதுங்கிப் போங்க. பாம்பு இருக்கிற குழிகளைப் பார்த்துக்கோங்க. பாசி படிஞ்ச வழுக்கல் இடங்களில் கொடியைப் பிடிச்சுக்கிட்டு நடங்க. வழியில் நடுகற்கள் வரும், கும்பிட்டுப் போங்க. இந்த நடுகல் விஷயம் கற்பனை இல்லை. செங்கம் பகுதியில் கிடைத்த நடுகற்களுக்குத் தனிப் புத்தகமே இருக்கு. தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-ல் வெளியிட்டது.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்றார். "நாங்க நன்னனைப் பார்க்கப் போறோம்"னு சொன்னால் போதும், மலைக்காரங்க வீட்டு ஆள் மாதிரி உபசரிப்பாங்க. தினைச்சோறு, நெய்யில் வெந்த இறைச்சி, மூங்கில் குழாயில் ஊறின தேன்கள், மூங்கிலரிசி, பலாக்கொட்டை மாவு. ஆடு மேய்க்கிறவங்ககிட்டத் தங்கினால் பால்சோறும், ஆட்டுத்தோல் படுக்கையும், குளிருக்கு நெருப்பும் கிடைக்கும்.

ஆனா என்னை நிறுத்தினது ஒரு சின்னக் குறிப்பு. பாதைகள் பிரிகிற இடம் வரும். நீங்க இந்த இடத்துக்குப் புதுசு. அதனால் சரியான வழியைக் கண்டுபிடிச்சதும் அந்தச் சந்தியைத் துடைச்சுவிட்டு, புல்லை முடிச்சுப் போட்டு அடையாளம் வச்சுட்டுப் போங்கன்னு சொல்றார். எதுக்கு? பின்னால் வர்றவருக்காக.

இந்த வழிகாட்டி காசு வாங்கலை. தான் நடந்த பாதையைத்தான் சொல்றார். எங்கே அழகா இருக்கும்னும் சொல்றார், எங்கே கால் தவறும்னும் சொல்றார். முக்கியமா, அங்கே வாழ்றவங்க யார், என்ன பயிரிடுறாங்க, என்ன சாப்பிடுறாங்கன்னு சொல்லிட்டுத்தான் அரண்மனைக்கே வர்றார். பாட்டின் பெரும்பகுதி வழியும் மனிதர்களும்தான்.

கள்ளக்குறிச்சின்னா என்ன ஞாபகம் வருது?

எங்க அம்மா ஊர் சின்னசேலம் பக்கம். முன்னே தென்னார்க்காடு மாவட்டம், 1993-லிருந்து விழுப்புரம், 2019 நவம்பர் 26-லிருந்து கள்ளக்குறிச்சி மாவட்டம். ஆபீஸில் யாராவது "சொந்த ஊர் எது"ன்னு கேட்டு நான் சொன்னால், சட்டுன்னு ஒரு பதில் வருது: "ஓ, அந்தக் கள்ளச்சாராயம் நடந்த ஊரா?" 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் குடிச்சு 60-க்கும் மேற்பட்டவங்க இறந்தாங்க. கள்ளக்குறிச்சி நகரத்தில் கருணாபுரத்தில் வீட்டுக்கு வீடு சாவு. அந்தத் துக்கத்தை மறைக்கவோ மறக்கவோ நான் சொல்லலை. ஆனா ஒரு ஊருக்கு இந்த ஒரே ஒரு ஸ்டாப் மட்டும் இருந்தால் எப்படி?

எந்த ஆப்பிலும் கள்ளக்குறிச்சிக்கு பிரைவேட் டூர் கிடையாது. சரி, நாமளே ஒண்ணு போடுவோம். காலையில் திருக்கோவிலூர். சங்க கால மலையமான் திருமுடிக்காரியின் கோவலூர். தென்பெண்ணை ஆற்றில் கபிலக்கல் இருக்கு, கபிலர் உயிர்விட்ட இடம்னு சொல்றாங்க. ராஜராஜன் காலத்துக் கல்வெட்டிலேயே அந்தக் கல்லைப் பற்றிப் பேச்சு வருது. அடுத்து அந்த வட்டாரத்திலேயே ஜம்பை. அங்கே ஒரு குகையில் 1981-ல் ஒரு தமிழ் பிராமிக் கல்வெட்டைக் கண்டுபிடிச்சாங்க. அதியமான் நெடுமான் அஞ்சி கொடுத்த தானம் அது. அசோகர் தன் பாறைக் கல்வெட்டில் சோழர், பாண்டியரோடு சேர்த்துச் சொன்ன 'சதியபுத்திரர்' யார்னு அறிஞர்கள் ரொம்ப நாள் குழம்பிக்கிட்டிருந்தாங்க. அதியமான் மரபுதான்னு ஜம்பையின் ஒற்றை வரிதான் வழிகாட்டுச்சு. மதியம் கள்ளக்குறிச்சியில் மரச்சிற்பப் பட்டறைகள், 2021-ல் புவிசார் குறியீடு வாங்கின கலை. அதுக்கப்புறம் கச்சிராயபாளையம், கோமுகி அணை, அங்கிருந்து மேலே வெள்ளிமலை.

மலையில் யார் முன்னால் நடக்கிறது?

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. அங்கே வாழ்ற பழங்குடி மக்கள் தங்களை மலையாளின்னு சொல்வாங்க. கேரளாவோடு குழப்பிக்காதீங்க, மலையில் வாழ்கிறவர் என்ற பொருளில் வர்ற பேர் அது. காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பிகளா வந்து மலை மலையாப் பிரிஞ்சு குடியேறினோம்னு அவங்க சொல்ற கதை உண்டு. 1909-ல் எட்கர் தர்ஸ்டன் தன்னுடைய ஏழு தொகுதிகளில் இந்த மக்களையும் எழுதிவச்சார். மலைக்காரங்க கதையை ரொம்ப நாளா வெளியாட்கள்தான் வெளியாட்களுக்காக எழுதிக்கிட்டு வந்திருக்காங்க.

கூகுளில் போட்டால் பெரியார் அருவி, மேகம் அருவி, கோமுகி அணை. இதுதான் பட்டியல். நானும் அதைப் பார்க்கத்தான் போனேன். வெள்ளிமலையில் தெரிஞ்சவங்க மூலமா அந்த ஊர்த் தம்பி ஒருத்தரை ஒரு நாள் கூலி பேசி வழிகாட்டியாச் சேர்த்துக்கிட்டேன். பைக்கில் முன்னால் போனார். முதல் முறை வண்டியை நிறுத்தின இடத்தில் போர்டு எதுவும் இல்லை, அருவியும் இல்லை. ஒத்தையடிப் பாதை மட்டும்தான்.

"அக்கா, ரோடு வர்றதுக்கு முன்னாடி எங்க தாத்தாவெல்லாம் கடுக்காய் மூட்டையைத் தலைச்சுமையா இதுல இறக்கித்தான் விப்பாங்க"ன்னார். கல்வராயன் மலைக் கடுக்காய்க்கு ஒரு பேர் உண்டு. மருந்துக்கும், தோல் பதனிடுறதுக்கும், சாயத்துக்கும் போகும். அடுத்து ஒரு மரவள்ளிக் காட்டுப் பக்கம் நிறுத்தி, "இதெல்லாம் சாமையும் கேழ்வரகும் விளைஞ்ச நிலம்"னார். மரவள்ளி எங்கே போகுதுன்னு கேட்டேன். "கீழே சேலம் பக்கம், ஜவ்வரிசி ஆலைக்கு." அருவிக்கு இறங்கும்போது திரும்பிப் பார்த்து, "இங்க பாசி வழுக்கும்க்கா, அந்த வேரைப் பிடிச்சுக்கிட்டு வாங்க"ன்னு சொன்னப்போ எனக்கு மலைபடுகடாம்தான் ஞாபகம் வந்தது.

அன்னைக்கு அவர் வாயில் அடிக்கடி வந்த வார்த்தை "ஜாகீர்". "எங்க பாட்டி இன்னும் ஜாகீர் காலம்னுதான் சொல்லும்." இதுதான் எந்த டூரிலும் வராத வரலாறு. இந்த மலை சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர்னு மூன்று ஜாகீர்களின் கையில் இருந்தது. கிருஷ்ணதேவராயர் காலத்திலிருந்து வந்த உரிமைன்னு சொல்லப்படுது. 1947-ல் நாட்டுக்குச் சுதந்திரம் கிடைச்சது. 1963-ல் இனாம் ஒழிப்புச் சட்டம் வந்தது. ஆனாலும் மலை அரசின் நேரடி நிர்வாகத்துக்குள் வந்தது 1976-ல்தான். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்த அதே வருஷம். நம்ம அப்பா அம்மா ஸ்கூலுக்குப் போன காலத்தில், சேலத்துக்குப் பக்கத்திலேயே ஒரு மலையில் ஜாகீர்தார் ஆட்சி.

2024 சாவுகளுக்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலையைத் தானாகவே முன்வந்து வழக்கா எடுத்துச்சு. இந்த ஜாகீர் வரலாறு அப்போதான் செய்திகளில் வந்தது. உயர் பொறுப்பில் இருக்கிறவங்க அந்த மலைக்கு நேரில் போய்ப் பார்க்கணும்னும் நீதிபதிகள் சொன்னாங்க. யோசிச்சுப் பாருங்க, "போய்ப் பாருங்க"ன்னு ஒரு நீதிமன்றம் அரசாங்கத்துக்கே சொல்ல வேண்டியிருக்கு. ரோடு, பள்ளிக்கூடம், வேலை இதெல்லாம் ஏன் தாமதமாச்சுன்னு புரியணும்னா அருவியை மட்டும் பார்த்தால் போதாது. 1976-ஐத் தெரிஞ்ச ஒருத்தர் முன்னால் நடக்கணும்.

நீங்க அடுத்த முறை கைடு வைக்கும்போது

பிரைவேட் டூர் எடுக்காதீங்கன்னு நான் சொல்லவே இல்லை. தாராளமா எடுங்க, கைடு வேலையை நம்பி எத்தனையோ குடும்பம் இருக்கு. நான் இப்போ செய்யுற மூணு விஷயத்தை மட்டும் சொல்லிடறேன்.

ஒண்ணு, வண்டியில் ஏறினதும் "உங்க சொந்தக்காரங்க வந்தால் எங்கே கூட்டிட்டுப் போவீங்க?"ன்னு கேளுங்க. எட்டு மணி நேரத்தில் ஒரு மணி நேரத்தை அவர் கையில் கொடுத்திடுங்க. ஒரு முறை ஜெய்ப்பூரில் அப்படிக் கொடுத்தப்போ ஒரு பழைய படிக்கிணறும், அதுக்குப் பக்கத்தில் நல்ல கச்சோரியும் கிடைச்சது.

ரெண்டு, கூலியை முதலிலேயே தெளிவாப் பேசி, "கடைக்கெல்லாம் போக வேண்டாம், அந்த கமிஷனையும் சேர்த்து நானே தந்திடறேன்"னு சொல்லுங்க. அப்போ அவர் உங்களுக்கு விற்க வேண்டியது எதுவும் இல்லை. பேச்சே மாறும்.

மூணு, கோட்டையைக் காட்டினால் கட்டினது யார்னு மட்டும் கேட்காமல், "இங்கே முன்னாடி குடியிருந்தது யார், இப்போ எங்கே இருக்காங்க?"ன்னும் கேளுங்க. மலைக்குப் போனால் இந்தக் கேள்வியை முதல் கேள்வியா வச்சுக்கோங்க.

அப்புறம், திரும்பி வந்ததும் ரிவியூவில் நட்சத்திரம் மட்டும் போட்டுட்டு விடாதீங்க. எந்தப் பாதை, எங்கே வழுக்கும், யாரைக் கேட்டால் விவரம் சொல்வாங்க, அங்கே என்ன வரலாறுன்னு நாலு வரி எழுதுங்க. சந்தியில் புல்லை முடிஞ்சு வைக்கிறதுன்னா இன்னைக்கு அதுதான். கல்வராயன் மலைக்கு நான் அந்த நாலு வரியை எழுதிட்டேன், ஜாகீரையும் 1976-ஐயும் சேர்த்து. அருவிப் படங்களுக்கு நடுவில் அதுவும் கிடக்கட்டும்.

உங்க ஊருக்கு ஒரு நாள் டூர் போட்டால் எந்த அஞ்சு இடத்தில் வண்டியை நிறுத்துவீங்க? எங்களுக்கு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.